மெயிலுக்குள்ள தெரிஞ்ச பாதி

அந்தப் பிள்ளைய வேலைய விட்டு வெரட்டி விட்டான்னு யாரு சொன்னா உங்களுக்கு? இல்ல, பேரு வேண்டாம். ஆனா சொன்ன ஆளு பாதியத்தான் சொல்லியிருக்கு. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு இருங்க அக்கா. துணிய அங்கன தள்ளி வைங்க, கசங்கினா கசங்கட்டு, தேய்க்கத்தானே போறேன்.

திருவட்டாறுல இருந்தா வாறிய? தனியாவா? புரோக்கருக்குத் தெரியாதுல்லா? அது நல்லதாக்கும். புரோக்கர்ட்ட கேட்டா எல்லாப் பொண்ணும் தங்கமாத்தான் இருக்கும். உங்க மவன் பேரு என்ன சொன்னிய, ரதீஷா? துபாய்லயா இருக்கான்? சரி சரி. போட்டோ பாத்து அவனுக்குப் பிடிச்சிட்டு, உங்களுக்குத்தான் மனசு கெடந்து அடிக்கு. பெத்தவளுக்கு அடிக்கத்தான் செய்யும்.

சுபிதாவ எனக்கு நல்லாத் தெரியும். அவ சுடிதாரு, அவளுக்க அம்மைக்க பிளவுசு எல்லாம் நான்தான் தைக்கேன். நம்ம சுயம்பு அண்ணாச்சிக்க மூத்த மவ. நீங்க கேட்ட விசயம் நடந்தது உள்ளதுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நடுவுல எந்திச்சுப் போயிரப்பிடாது. பாதி கேட்டுட்டுப் போனா உங்களுக்குச் சொன்ன ஆளு மாதிரி ஆயிரும்.

பஸ்ஸுல வரும்போது பாத்திருப்பியளே, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்க பெரிய பெரிய காத்தாடி நிக்குதுல்லா. அதுல கொஞ்சத்த ஒரு கம்பெனி பாத்துக்கிடுது. அவனுக்க ஆபீசுலதான் இவ வேலைக்குப் போனா, கம்ப்யூட்டரு படிச்ச பிள்ளல்லா. எந்தக் காத்தாடி ஓடுது, எது நின்னு போச்சுன்னு டிவி மாதிரி ஒரு பெரிய பெட்டியில தெரியும். அதப் பாத்துக்கிட்டு இருக்கணும். வாற மெயிலப் பாக்கணும். வெளிய வேலைக்குப் போயிருக்க ஆளுவளுக்கு போன் பண்ணிச் சொல்லணும். அதாக்கும் அவ வேலை.

காத்தாடி சும்மா சுத்தினாப் போறாதே, அந்தக் கரண்டு கம்பி வழியா சப்ஸ்டேசனுக்குப் போகணும். இவிய ஆபீசுக்குக் கீழ ரெண்டு லைன் உண்டு. மலைய ஒட்டிப் போறது மலை லைன், கொளத்தங்கரை வழியாப் போறது கொளத்து லைன். கம்பத்துல ஏறி வேலை பாக்கணும்னா அந்த லைன்ல கரண்ட நிறுத்தணும். எப்பம் நிறுத்துவாவ, எப்பம் திருப்பி விடுவாவன்னு கரண்டாபீசுல இருந்து முன்னாடியே மெயில்ல வரும். அத நம்பித்தான் ஒருத்தன் கம்பத்துல ஏறுகான். கேட்டியளா? அத நம்பித்தான்.

இதெல்லாம் தையக்காரிக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கிய. கேட்டுக் கேட்டுப் படிச்சேன் அக்கா. அப்பிடி ஒரு சமயம் வந்துது, படிச்சேன். இருங்க, நூலு அறுந்துட்டு.

ஆங். போன ஆடியில நடந்தது. ஆடியில இங்கன காத்து எப்பிடி இருக்கும் தெரியுமா? கொடியில துணி போட்டா பக்கத்து ஊருலதான் போயி எடுக்கணும். கம்பெனிக்கு அதுதான் சீசன். அன்னைக்கு கொளத்து லைன்ல காலைல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்டு கெடயாது. அந்த நேரத்துல ஒரு கம்பத்து உச்சியில பழைய சாமான மாத்தணும். ஜெப்சன்னு ஒரு பய. அவன்தான் ஏறணும். கூட ஜீப்போட முத்துநாயகம்.

ஏறுகதுக்கு முன்னால கம்பியில எர்த்து போடணுமாம். தப்பித்தவறி கரண்டு வந்தாலும் அது மண்ணுக்குப் போயிரும், ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆபீசுல அது ஒரு செட்டுதான் இருந்துது, அதயும் வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாவ. அப்பம் ஏறியிருக்கப்பிடாதுதான். அந்தப் பயலுக்கும் அது தெரியும். ஆனா மேனேஜரு காலைல இருந்து முடி, முடி, சீசன் நேரத்துல லைன போட்டு வைக்காதன்னு நெருக்கிக்கிட்டே நின்னிருக்காரு. மாட்டேன்னு சொல்ல அவனுக்கு வாய் வரல்ல. சின்ன வயசுலயே அப்பிடித்தான், மாட்டேன்னு சொல்லத் தெரியாது... அப்பிடின்னு சொல்லுவாவ.

கம்பத்து அடியில நின்னு சுபிதாவுக்கு போன் போட்டான். மெயில் எதும் வந்திருக்கா, நேரத்துல மாத்தம் உண்டான்னு கேட்டான். அப்பம்தான் ஒரு மெயில் வந்திருக்கு, அதோட ஒரு பைலு, அட்டாச்மெண்டு. இவ அத தொறந்து பாத்தா.

இங்கனதான் அக்கா நீங்க நல்லாக் கேக்கணும். உங்களுக்குச் சொன்ன ஆளுக்கு இதுதான் தெரியாது.

அதுக்கு முந்தின வருசம் அந்த ஆபீசுல யாரோ மெயில்ல வந்த பைல டவுன்லோடு பண்ணி, கம்ப்யூட்டரு முழுக்க வைரசு ஏறிட்டாம். அதுல இருந்து மேனேஜரு ஒரே உத்தரவு. மெயில்ல எது வந்தாலும் யாரும் டவுன்லோடு பண்ணப்பிடாது. மெயிலுக்குள்ளயே வச்சுத்தான் பாக்கணும். அதுக்கு ஒரு வழி உண்டாம். பைலு மேல ஒரு அமுக்கு அமுக்கினா ஓரத்துல ஒரு கட்டத்துல அதுவே விரிச்சுக் காட்டிரும். வெளிய எடுக்கவும் வேண்டாம், வைரசும் வராது. நல்ல வசதிதான். ஆனா எல்லா நேரத்துலயும் முழுசக் காட்டாது. துணிக்கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள சேல மடிச்சு வச்சிருப்பான்லா? பாத்தா நல்ல கலரு, நல்ல பார்டரு. முந்தியில கிழிசல் இருந்தா வெளிய நின்னு பாக்கவளுக்குத் தெரியுமா? எடுத்து விரிச்சாத்தானே தெரியும். அதே மாதிரியாக்கும். அந்தப் பைல்ல ரெண்டு பக்கம். கட்டத்துல தெரிஞ்சது மொதப் பக்கம் மட்டும். அதுல மலை லைனுக்குத்தான் மாத்தம் போட்டிருந்துது, நாளைக்கு நிறுத்த வேண்டியத மறுநாளுக்குத் தள்ளியிருக்குன்னு. கொளத்து லைனப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

இவ சொன்னா, மாத்தம் இல்ல அண்ணே, ரெண்டு மணி வரைக்கும் கரண்டு வராது, ஏறுங்கன்னு.

ஏறுங்க. அந்த ஒத்த வார்த்தையச் சொல்லித்தான் அக்கா அவ பொறவு அழுதா. மத்தது எதுக்கும் அழல்ல.

அவன் போன பைக்குள்ள போட்டு, பைய கம்பத்து அடியில வச்சிட்டு, பெல்ட்ட மாட்டிக்கிட்டு ஏறிட்டான். முத்துநாயகம் ஏதோ சாமான் எடுக்க ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டான். சுத்துவட்டாரத்துல வேற ஆளு கெடயாது. பொட்டக்காடு, காத்து, அவன்.

இங்க ஆபீசுல இவ வேற வேலையப் பாத்துக்கிட்டு இருக்கா. ஆனா மெயில்ல பைலுக்கு மேல ரெண்டு வரி எழுதியிருந்துதாம், ரெண்டு லைனுக்கும் மாத்தின நேரம் இதோட அனுப்பியிருக்குன்னு. வாசிக்கும்போது சாதாரணமா வாசிச்சிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அது மனசுல வந்து குத்துது. ரெண்டு லைனுக்கும்னு போட்டிருக்கான். நான் பாத்தது ஒரு லைன்தானே? மறுபடியும் மெயிலத் தொறந்தா, கட்டத்துல விரிச்சா. அதே மலை லைன்தான். மேலயும் கீழயும் தள்ளிப் பாக்கா. வேற ஒண்ணும் இல்ல. அடியில மட்டும் மங்கலா ஒரு எழுத்து, இதுல எல்லாத்தையும் காட்ட முடியல்லன்னு.

ஒடனே எந்திச்சு மேனேஜருக்க ரூமுக்குப் போனா. அவரு ஹெட் ஆபீசு ஆளுகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருக்காரு. சார், ஒரு பைல டவுன்லோடு பண்ணணும்னா. அவரு திரும்பிக்கூடப் பாக்கல்ல, கையால போ போன்னு காட்டினாரு. வேற பிள்ளைன்னா சரின்னு வந்து இருந்திருக்கும். இவ வந்து டவுன்லோடு பண்ணிட்டா. உத்தரவு இல்லாமத்தான். விரிச்சுப் பாத்தா பின்னால இன்னொரு பக்கம். கொளத்து லைன். ரெண்டு மணிக்கு இல்ல, பதினொன்னரைக்கே கரண்டு விடப் போறோம்.

அப்பம் மணி பதினொண்ணே காலத் தாண்டிட்டு.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுகேன் அக்கா. உங்களுக்கு? சரி.

போன் போட்டா. அடிக்கு. எடுக்கல்ல. எப்பிடி எடுப்பான், போன் அடியில பைக்குள்ள கெடக்கு, காத்து காதக் கிழிக்குது. முத்துநாயகத்துக்குப் போட்டா, டவரு இல்ல. சப்ஸ்டேசனுக்குப் போட்டா. அங்க எடுத்த ஆளு நிதானமாச் சொல்லுகான், இது மேல இருந்து வந்த ஆர்டரும்மா, வாயாலச் சொன்னா நிறுத்த முடியாது, உங்க மேனேஜருகிட்ட இருந்து ஒரு மெயில் போடச் சொல்லுன்னு. மெயிலாம்! ஒரு மெயிலப் பாத்துத்தானே அந்தப் பிள்ள இப்பம் நின்னு துடிக்கா. ஓடிப்போயி மேனேஜருகிட்டச் சொன்னா. அவருக்கு மொகம் வெளுத்துப் போச்சு. ஆனா அவரும் சப்ஸ்டேசனுக்குப் போனப் போட்டு, நான் யாரு தெரியுமா, உன் பெரிய அதிகாரி யாருன்னு பேச ஆரம்பிச்சிட்டாரு. இவ நின்னு கேட்டா. இது முடியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. வண்டி எடுத்துக்கிட்டு ஓடினாலும் எட்டாது.

திரும்பி வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால நின்னா. மலை லைன்ல உள்ள காத்தாடியெல்லாம் பச்சையாத் தெரியுது. எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு, நல்ல காத்துல்லா. அப்பம் அவளுக்கு ஒண்ணு தோணிச்சு. அந்த ஜெப்சன் நிக்க கம்பத்துல இருந்து பாத்தா இந்தக் காத்தாடியெல்லாம் நேர எதுக்கத் தெரியும். உக்காந்த எடத்துல இருந்தே அத நிறுத்தலாம், அதுக்கு அவகிட்ட பாஸ்வேர்டு உண்டு. ஆனா சீசன் நேரத்துல கேக்காம ஒண்ணக் கூடத் தொடப்பிடாது.

ஒண்ண நிறுத்தினா அவன் ரிப்பேருன்னு நெனப்பான். ரெண்ட நிறுத்தினாலும் திரும்பிப் பாக்க மாட்டான். அதனால அவ எல்லாத்தையும் நிறுத்தினா. வரிசையா. ஒவ்வொண்ணா அமுக்கிக்கிட்டே போனாளாம். பச்சை போயி செவப்பு, பச்சை போயி செவப்பு. பொறத்தால மேனேஜரு என்னத்தப் பண்ணுகன்னு கத்துகாரு. இவ திரும்பல்ல. எடது கையால போன மறுபடி மறுபடி அடிச்சுக்கிட்டே இருக்கா.

இப்பம் நீங்க கம்பத்துக்கு மேல வாங்க. அவன் ரெண்டு கையும் கம்பியில. பெல்ட்டுலதான் ஒடம்பு தொங்குது. கம்பம் காத்துல ஆடுது. அங்க வேலை பாக்கவியளுக்கு காத்தாடிச் சத்தம் காதுலயே கெடக்கும், கேக்குதுன்னே தெரியாது. அது கொறஞ்சிக்கிட்டு வருது. என்னமோ மாதிரி இருக்கேன்னு தலையத் திருப்பினான். எதுக்க ஒரு காத்தாடி நின்னு போச்சு. அடுத்தது தளருது. அதுக்கடுத்ததும் தளருது. மலையடிவாரம் முழுக்க எறக்கையெல்லாம் சும்மா நிக்குது. ஆடிக்காத்து அந்த அடி அடிக்கும்போது காத்தாடி நின்னு பாத்திருக்கியளா நீங்க? அவன் ஒரு நாளும் பாத்ததில்ல. பயந்துட்டான். எங்கயோ எதோ ஆபத்து, யாரோ மாட்டிக்கிட்டான்னு நெனச்சான். தனக்குன்னு நெனக்கல்ல. போன் பண்ணிக் கேப்போம்னு, ஸ்பேனர அங்கனயே வச்சிட்டு, பெல்ட்ட கழத்தி மளமளன்னு எறங்கினான்.

மண்ணுல கால் வச்சு, பைகிட்டப் போயி, போன எடுக்கான். போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. காதுல வச்சா இவ ஒரே கத்து. அண்ணே, கம்பத்த விட்டுத் தள்ளி ஓடுங்க, ஓடுங்கன்னு. ஏன்னு கேக்கல்ல, ஓடினான். நாலெட்டு ஓடியிருப்பான். பொறத்தால மேல ம்ம்ம்னு ஒரு இரைச்சல். ஒடனே படார்னு வெடிச்சுது. அவன் வச்சிட்டு வந்த ஸ்பேனரு அக்கா. கருகிக் கீழ வந்து விழுந்துது.

ஏசப்பா.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. மெஷின நிறுத்திட்டே பேசுகேன்.

பொறவு என்ன ஆச்சுன்னு கேக்கிய. மேனேஜரு மொதல்லக் கேட்டது, காத்தாடிய நிறுத்தச் சொன்னது யாருன்னு. ரெண்டாவதுதான் அந்தப் பய இருக்கானா போனானான்னு கேட்டாரு. சாயந்திரம் ஹெட் ஆபீசுல இருந்து விசாரிக்க ஆளு வந்தாவ. அதுக்கு முன்னால மேனேஜரு சுபிதாவத் தனியாக் கூப்பிட்டு, ஜெப்சன் உனக்கு போனே பண்ணல்ல, கேக்காமத்தான் ஏறினான்னு சொல்லு, உனக்கு ஒரு கெட்ட பேரும் வராது, நீ காத்தாடிய நிறுத்தி ஆளக் காப்பாத்தினவளாத்தான் இருப்பன்னாரு. நல்லா யோசிச்சுப் பாருங்க அக்கா. எவ்வளவு சுளுவு. அவ தலையாட்டியிருந்தா அவ மேல பிழையே இல்ல. பாராட்டுகூடக் கெடச்சிருக்கும். அந்தப் பயலுக்குத்தான் வேலை போயிருக்கும்.

அவ போயி நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டா. அண்ணன் போன் பண்ணினாரு, கேட்டாரு, நான்தான் ஏறச் சொன்னேன். மெயிலுக்குள்ள பாத்தேன், பாதிதான் தெரிஞ்சுது, அது பாதின்னு எனக்குத் தெரியல்ல. டவுன்லோடு பண்ணப்பிடாதுன்னு உத்தரவு. எர்த்து போடுகதுக்குச் சாமான் இல்லன்னும் சொன்னா. மேனேஜரு பக்கத்துலதான் நிக்காரு.

மறுநாள்ல இருந்து அவகிட்ட யாரும் பேசல்ல. ஒரு மாசம் அந்தச் சீட்டுல இருந்துட்டு, அவளே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. வெரட்டினது இப்பிடித்தான். இப்பம் நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர்ல வேலை பாக்கா.

என்ன? அப்பம் பிழை அவ மேலதானேன்னா? ஆமா அக்கா, பிழை உண்டு. அவளே சொல்லுகா, நான் என்னத்துக்கு இல்லங்கணும்? ரெண்டு லைன்னு எழுதியிருக்கத ஒழுங்கா வாசிச்சிருக்கணும். இன்னைக்கும் அவ ஒரு மெயில மூணு தடவ வாசிப்பா, போனுல கரண்டு பில்லு வந்தாக்கூட அப்பிடித்தான். ஆனா ஒண்ணு. பிழை எல்லார்கிட்டயும் வரும். அது தெரிஞ்ச ஒடனே ஓடின பிள்ளைய எனக்கு இவளத்தான் தெரியும். ஓடி முடிச்ச பொறவு ஒளிக்காமச் சொன்ன பிள்ளையயும் இவளத்தான் தெரியும். உங்க வீட்டுக்கு அது கொறையாத் தெரிஞ்சா, தாராளமா வேண்டாம்னுட்டுப் போங்க. அவளுக்கும் அந்த வீடு வேண்டாம்.

கோவப்படல்ல அக்கா. எனக்க பேச்சே இப்பிடித்தான். இருங்க.

கம்பத்துக்கு மேல அவன் நெனச்சது எனக்கு எப்பிடித் தெரியும்னா? அவன் சொன்னதுதான். அன்னைக்கே சொன்னான். மத்தியானம் நான் இதே மெஷின்ல இருக்கேன், வந்து நிக்கான். மத்தியானம் வாற வழக்கமே கெடயாது. என்னலே இந்த நேரத்துலன்னேன். பசிக்கு, சோறு போடுன்னான். எந்திச்சுப் போயிப் போட்டேன். சாள மீன் கொழம்பு. தலை நிமிராமத் தின்னான். சட்டியில உள்ளது முழுசும் தின்னான். காச்சலோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன்.

ஆமா. எனக்க மவன்தான். மொதல்லயே சொல்லியிருந்தா, மவனக் காப்பாத்தினவளுக்கு வேண்டிப் பேசுகேன்னு நெனச்சிருப்பிய. அதான் சொல்லல்ல.

அழாதிய. ஏன் அக்கா, நானே அழல்ல. நீங்க அவ வீட்டுக்குப் போங்க, அவளுக்கு இன்னைக்கு லீவுதான். நான் வரல்ல, எனக்கு இந்தத் துணிய முடிக்கணும். கைக்கு எதாவது வேலை இருந்தாத்தான் எனக்குப் பொழுது போவும். அவன் இன்னைக்கும் கம்பத்துக்குத்தான் போயிருக்கான். அந்த ஆபீசுல மெயில் பாக்க இப்பம் புதுசா ஒரு பிள்ள வந்திருக்காம். அவ பேரு கூட எனக்குத் தெரியாது.